வெளியேற வழியில்லாத நீர்

வால்டன் ஏரியில் எனக்கு முதல் பயம் காலில்தான் வந்தது. ஜூன் மாத முதல் வாரம், காலை ஆறரை மணி. மேல்நீர் இதமாக இருந்தது. கரையை விட்டு நாற்பது ஐம்பது கைவீச்சு போன பிறகு சற்று இளைப்பாறலாம் என்று நிமிர்ந்து கால்களைத் தொங்கவிட்டேன். இடுப்பு வரை கோடை. முழங்காலுக்குக் கீழே மார்கழி. மூச்சு ஒரு கணம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. கை கால்களை அடித்துக்கொண்டு திரும்பினேன். கரையேறி உட்கார்ந்த பிறகும் பல்லோடு பல் அடித்துக்கொண்டிருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணியில், ஐஸ் ஹவுஸ் பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில். கடல் அவ்வளவு அருகில் இருந்தும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மெரினாவில் கணுக்கால் நனையலாம், முழங்கால் நனையக் கூடாது என்பது பாட்டி வைத்த சட்டம். ஆண்டுதோறும் அந்த அலை யாராவது ஒரு பிள்ளையைக் கொண்டுபோனதால் அந்தச் சட்டத்தை எவரும் மீறியதில்லை. திருமணமாகி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு வந்து, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, 41 வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில் சிறு பிள்ளைகளுக்கு நடுவே நின்று நீந்தக் கற்றுக்கொண்டேன். அடுத்த கோடையிலேயே வால்டனுக்குப் போனேன். அதன் பிறகு இது பதினோராவது கோடை. இந்த ஏரியிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்து வருபவர்கள் நான் செய்த பிழைகளைச் செய்யாமலிருக்க உதவும்.

முதலில் இந்த ஏரி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாஸ்டன் நகருக்கு வடமேற்கே, கான்கார்ட் என்ற ஊரில் இருக்கிறது. பரப்பு 60 ஏக்கருக்குச் சற்று மேல். நம் ஊரின் பெரிய ஏரிகளோடு வைத்துப் பார்த்தால் குட்டை என்றே சொல்லலாம்; ஆழமோ 100 அடியைத் தாண்டும். கடைசிப் பனியுகம் முடிந்து, இந்தப் பகுதியை மூடியிருந்த பனிப்படலம் வடக்கே பின்வாங்கியபோது, மலை போன்ற ஒரு பனிக்கட்டி தனியே கழன்று இங்கே தங்கிவிட்டது. உருகி ஓடிய நீர் சுமந்துவந்த மணலும் சரளையும் அதைச் சுற்றிப் படிந்தன. பிறகு கட்டி மெல்ல மெல்ல உருகியது. அது கிடந்த இடம் பள்ளமாயிற்று. பள்ளத்தில் நிலத்தடி நீர் ஊறி நின்றது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கரைந்துபோன அந்தக் கட்டியின் அச்சுக்குள்தான் நாம் இறங்கிக் குளிக்கிறோம்.

நீந்த வருபவருக்கு இந்தக் கதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். பனிக்கட்டி விட்டுச்சென்ற பள்ளம் ஆற்றங்கரை போலச் சரிந்து இறங்காது. கிழக்குக் கரையில், உயிர்காப்பாளர்கள் அமர்ந்திருக்கும் பெரிய மணல்வெளியில் மட்டும் தரை நிதானமாகத் தாழ்கிறது. மற்ற ஒதுக்குப்புறங்களில் இடுப்பளவு நீரில் நிற்பதாக நினைத்து நாலு அடி எடுத்து வைத்தால் தரை இருக்காது. நீர் பளிங்கு போல இருப்பதால் அடி தெரியும். தெரிகிற தரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். நீந்தத் தெரியாதவர்களை அழைத்துவந்தால் கயிறு கட்டிய பகுதியை விட்டு வேறெங்கும் இறக்காதீர்கள். எங்கள் உறவுப் பிள்ளைகள் எத்தனை கெஞ்சினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி அந்தக் குளிர். சூடான நீர் இலேசாகி மேலே நிற்கிறது, குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்குகிறது. கோடை முழுவதும் இவை இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஜூன் தொடக்கத்தில் மேலடுக்கு மெல்லிய போர்வை அளவுதான். காலைத் தொங்கவிட்டாலே கீழடுக்கைத் தொட்டுவிடும். ஆகஸ்டில் அந்தப் போர்வை ஐந்தாறு மீட்டர் வரை தடித்துவிடும். அப்போது முங்கிப் போனால்தான் குளிர் எல்லை தட்டுப்படும். இலையுதிர்காலத்தில் மேல்நீரும் குளிர்ந்து கனத்த பிறகு ஏரி முழுவதும் ஒருமுறை புரண்டு கலக்கிறது.

ஆகவே மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. காற்று 30 டிகிரி இருக்கும் நாளிலும் நீர் அதில் பாதிதான் இருக்கக்கூடும். நான் இப்போது முதலில் கணுக்கால், பிறகு முழங்கை, பிறகு பிடரி என்று நனைத்துக்கொள்கிறேன். இடுப்பளவு நீரில் நின்று, மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வைக்கிறேன். குளிர்நீர் பட்டதும் உடல் தானாக மூச்சை வாரி இழுக்கும். தலை நீருக்குள் இருக்கும்போது அது நேர்ந்தால் நன்றாக நீந்துபவரும் நீரைக் குடித்துவிடுவார். அந்தப் பதற்றம் ஓரிரு நிமிடங்களில் அடங்கும். அடங்கிய பிறகே கரையை விட்டு நகர வேண்டும்.

கரையேறிய பிறகும் கவனம் தேவை. நீருக்குள் இருக்கும்வரை நடுக்கம் தெரியாது. துவட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஆன பிறகு வரும். கை கால்களில் தங்கிய குளிர்ந்த இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் திரும்புவதும், தோலின் குளிர் மெல்ல உள்ளே இறங்குவதும் அதற்குக் காரணம். அந்த நடுக்கத்தோடு காரை எடுக்காதீர்கள். ஈர உடையை உடனே மாற்றி, தலையைக் கம்பளிக் குல்லாயால் மூடி, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த சுக்குமல்லிக் காப்பியை உட்கார்ந்து குடித்து முடித்த பிறகுதான் நான் சாவியைத் தொடுவேன்.

நீச்சல் குளத்தில் கற்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஏரியில் கீழே பச்சை இருட்டுதான். நேராகப் போவதாக நினைத்து நான் அரை வட்டம் அடித்திருக்கிறேன். எதிர்க்கரையில் உயர்ந்து நிற்கும் ஒரு பைன் மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கிப் பார்ப்பது பழகிய பிறகுதான் வழி பிடிபட்டது. தொடக்கத்தில் குறுக்கே நீந்தவே வேண்டாம். கரையை ஒட்டி, களைத்தால் இருபது வீச்சில் தரை தொடும் தூரத்திலேயே போகலாம். ஏரியின் அழகெல்லாம் கரையோரத்தில்தான் இருக்கிறது, ஒன்றும் நட்டமில்லை.

2021 ஜூலையில், மாநிலத்தில் பல இடங்களில் நீரில் மூழ்கிய மரணங்களுக்குப் பிறகு, கயிற்றுக்கு வெளியே நீந்துவதை இங்கே முற்றிலும் தடை செய்தார்கள். பல ஆண்டுகளாக நீந்திவந்தவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். சில நாள்களிலேயே, உயிர்காப்பாளர்களின் பணி நேரத்துக்கு முன்னும் பின்னும் திறந்த நீரில் நீந்தலாம் என்று தளர்த்தினார்கள். இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவை அப்போதிலிருந்துதான் எல்லார் பின்னாலும் மிதக்கத் தொடங்கியது. விதியே இல்லாவிட்டாலும் நான் அதை விடமாட்டேன். அது படகோட்டிகளின் கண்ணுக்கு நம்மைக் காட்டுகிறது. பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கவும் உதவுகிறது. நேரமும் நிபந்தனையும் மாறக்கூடியவை என்பதால் நுழைவாயில் பலகையை ஒவ்வொரு முறையும் படித்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான ரப்பர் வளையம், காற்றடைத்த மெத்தை போன்றவற்றுக்கு இங்கே அனுமதி இல்லை. முதல் ஆண்டு நான் மகளுக்காக வாங்கிய புத்தம்புது வளையத்தைத் திரும்பக் காரில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அவள் அழுதாள், எனக்கும் மனத்தாங்கல்தான். அன்று மதியம் உயிர்காப்பாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். சின்னக் காற்று போதும், வளையம் கயிற்றைத் தாண்டிப் போய்விடும். பிள்ளை நழுவினால் அது இருப்பது ஆழத்தில். வளையத்தை நம்பிப் பெற்றோர் கண்ணைத் திருப்பிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து என்றார். அங்கீகரிக்கப்பட்ட உயிர்காப்புச் சட்டை அணிவிக்கலாம்.

இதுவரை சொன்னது நம்மை ஏரியிடமிருந்து காத்துக்கொள்வது. ஏரியை நம்மிடமிருந்து காப்பது பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம்.

வால்டனுக்குள் எந்த ஆறும் ஓடையும் வந்து விழுவதில்லை. இதிலிருந்து எதுவும் வெளியே ஓடுவதுமில்லை. மழையும் நிலத்தடி ஊற்றும் வரவு. ஆவியாவதும் மணலுக்குள் கசிவதும் செலவு. மதகு, மடை, கலங்கல் என்று எதுவும் இல்லாத ஏரி. ஊரில் ஏரி நிறைந்து மறுகால் பாய்ந்தால் மகிழ்ந்து கும்பிடுவோம் அல்லவா, அந்தக் காட்சியே இங்கே கிடையாது. இதனால்தான் நீர் இவ்வளவு தெளிவு: வண்டலைக் கொண்டுவந்து கொட்ட ஆறில்லை, சுற்றிலும் வடிகட்டி போன்ற மணல். அதே காரணத்தால்தான் இது இவ்வளவு எளிதில் கெடவும் கூடும். நாம் கொண்டுபோய்ப் போடுவதை அடித்துக்கொண்டு போக வெள்ளம் வராது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2001-இல் இந்த ஏரியின் ஊட்டச்சத்துக் கணக்கை விரிவாக வெளியிட்டது. 2018-இல் ஏரியடி வண்டலைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தவர்களின் கட்டுரையும் அதையே எடுத்துப் பேசியது. கோடைக்காலத்தில் ஏரியில் சேரும் பாஸ்பரஸில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நீந்துபவர்களின் சிறுநீரிலிருந்து வருவதாக இருக்கலாம் என்பது அதன் சாரம். இதைப் படித்த அன்று எனக்கு மனம் வெகுநேரம் ஆறவில்லை. தொழிற்சாலைக் கழிவு இல்லை, சாயப்பட்டறை இல்லை. இந்த ஏரியை நேசித்து வருகிற, நெகிழிப்பையைக்கூடக் கீழே போடாத மக்கள். ஒவ்வொருவரும் 'ஒருமுறைதானே' என்று விடுவதன் கூட்டுத்தொகை.

பாஸ்பரஸ் கூடினால் பாசி கூடும். பாசி செத்து அடியில் போய் மக்கும்போது அங்குள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். கோடையில் மேலடுக்கும் கீழடுக்கும் கலப்பதில்லை என்றேனே, அதனால் அடிநீருக்குப் புதிதாக உயிர்வளி கிடைக்க வழியில்லை. இங்கே மாநில மீன்வளத் துறை விடும் டிரவுட் மீன்களுக்குக் குளிர்ந்த நீரும் வேண்டும், உயிர்வளியும் வேண்டும். மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல். நடுவில் ஒரு மெல்லிய அடுக்குதான் அவற்றுக்கு வீடு. ஆகஸ்ட் மாதத்தில் ஏரியின் நடுவே மிதந்துகொண்டிருக்கும்போது, எனக்குக் கீழே அந்த ஒடுங்கிய அடுக்கில் மீன்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொள்வேன்.

இதுவரை ஏரியைக் காத்துவருவது நைட்டெல்லா என்னும் ஒரு நீர்த்தாவரம். நமக்குத் தெரிந்த வழுக்குப் பாசி போலிருக்காது. மெல்லிய கிளைகளோடு புல்வெளி மாதிரி ஏரியின் அடியில் படர்ந்திருக்கிறது. நீர் தெளிவாக இருப்பதால் வெளிச்சம் அவ்வளவு ஆழத்துக்கும் எட்டுகிறது, இது வளர்கிறது. வளரும்போது ஊட்டச்சத்தை எடுத்துத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்கிறது. நீர் கலங்கி வெளிச்சம் குறைந்தால் இது அழியும்; பிடித்துவைத்த அத்தனையும் அவிழ்ந்து நீரில் கலக்கும். பிறகு கலங்கல் மேலும் கூடும். அந்தப் புள்ளியைத் தாண்டிய ஏரியைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம் என்று ஆய்வாளர்கள் அஞ்சுகிறார்கள்.

எனவே என் வேண்டுகோள் மிக எளிது. நீரில் இறங்கும் முன் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே ஏற்றி மறுபடியும் கூட்டிச் செல்லுங்கள். கூச்சப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. எங்கள் குடும்ப நண்பர்கள் கூடும் நாளில் நான் இதை உரக்கச் சொல்வேன். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது தங்கள் விருந்தினருக்குத் தாங்களே சொல்கிறார்கள். என் பாட்டிக்கு நீந்தத் தெரியாது, பாஸ்பரஸும் தெரியாது. ஆனால் குளத்தில் சிறுநீர் கழிப்பது பாவம் என்று சொல்லி எங்களை வளர்த்தாள்.

சோப்பு, ஷாம்பு வேண்டாம். வெயில் பூச்சைக் குளிக்கும் முன்பே வீட்டில் தடவி ஊறவிட்டு வாருங்கள். அதைவிட நல்லது நீளக்கை நீச்சல் சட்டை. மீனுக்குப் பொரி போடும் நம் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். போடும் ஒவ்வொரு பிடியும் ஏரிக்கு உரம்.

கரையைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடம் வேறு மாதிரி. ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒற்றையடிப் பாதை போகிறது. இருபுறமும் முழங்கால் உயரக் கம்பங்களில் கம்பி ஓடும். மூன்றாவது கோடையில் ஒரு ஞாயிறு, பெரிய மணல்வெளியில் கூட்டம் தாங்கவில்லை. புளியோதரைத் தூக்கும் பிள்ளைகளுமாகப் பாதையில் நடந்தோம். கீழே ஒரு நிழல், ஆளில்லாத சின்னக் கரை. கம்பியைத் தாண்டினால் பத்தடி. தாண்டினேன். இரண்டாவது அடியிலேயே காலுக்குக் கீழ் மணல் பிளந்து வழியத் தொடங்கியது. செருப்பு அதோடு போயிற்று. பிடித்துக்கொள்ளக் கை நீட்டியது ஒரு காட்டு அவுரிநெல்லிச் செடி. அதன் வேர் பாதி வெளியே வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில், நூல் நூலாக, ஈரம் மாறாத வேர். கீழே விழுந்த மண் நீரில் புகை போலப் பரவி, தெளிந்திருந்த கரையோரம் முழுவதும் பழுப்பாயிற்று. பிள்ளைகள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வழியே வந்த பூங்கா ஊழியர், ஒரு இளம்பெண், கடிந்து பேசவில்லை. நான் மேலேறக் கை கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி இருந்த ஒரு சரிவைக் காட்டினார். பல ஆண்டுகளாக மிதிபட்டு மொட்டையாகிப்போன அதைப் படிப்படியாகச் செடி நட்டு மீட்டிருந்தார்கள். இந்த மண்ணில் களி இல்லை, வேர் மட்டும்தான் இதைப் பிடித்துவைத்திருக்கிறது என்றார். அன்று செடியைத் திரும்ப மண்ணில் அழுத்திவிட்டு வந்தேன். மறு வாரம் போய்ப் பார்த்தபோது அது காய்ந்திருந்தது. நீரில் இறங்கக் கல்படி கட்டிய இடங்கள் இருக்கின்றன. அவற்றில் மட்டும் இறங்குங்கள். பாதையை விட்டு விலகாமலிருக்க இன்னொரு காரணம் உண்ணி. மாசசூசெட்ஸ் காடுகளில் மான் உண்ணி லைம் நோயைப் பரப்புகிறது. எள் அளவே இருக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள்.

குளிப்பதும் காப்பதும் ஒன்றோடொன்று மோதுவது இந்த ஏரிக்குப் புதிதல்ல. 1922-இல் எமர்சன், ஃபோர்ப்ஸ், ஹோர், ஹேவுட் குடும்பங்கள் கரையோர நிலம் ஏறக்குறைய 80 ஏக்கரை மாநிலத்துக்குக் கொடையாகக் கொடுத்தன. கரையையும் காட்டையும் பழைய வால்டனாகவே பாதுகாக்க வேண்டும் என்று பத்திரம் சொல்கிறது. மக்கள் குளிக்க, படகோட்ட, மீன்பிடிக்க இடம் தர வேண்டும் என்றும் அதே பத்திரம் சொல்கிறது. 1957-இல் அன்றைய கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் குளிக்கும் இடத்தைப் பெருக்க எண்ணிக் கரையோர மரங்களை வெட்டிச் சரிவை மட்டப்படுத்தியபோது ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். 1960-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. காடு கரையோடு நிற்பது இந்த மாதிரி மனிதர்களால்தான். இன்றைக்குக் கூட்டத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடம் நிரம்பியதும் வாயிலை மூடிவிடுவார்கள். சாலையோரம் நிறுத்தினால் இழுத்துச் சென்றுவிடுவார்கள். ஜூலை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய்த் திரும்பிவராதீர்கள். வார நாளில் போங்கள், இல்லையேல் விடியற்காலையில். வெளிமாநிலப் பதிவு எண் கொண்ட வண்டிக்குக் கட்டணம் பல மடங்கு.

என் வீட்டுக்கும் இந்த ஏரிக்கும் ஓர் உறவு உண்டு என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4-இலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் இக்கரையில் குடிசை கட்டி வாழ்ந்ததை எல்லாரும் அறிவார்கள். அவர் இருந்தபோதே, 1846-47 குளிர்காலத்தில், உறைந்த ஏரியை அறுத்துப் பனிக்கட்டி எடுக்க நூறு ஆள்கள் வந்திறங்கினார்கள். பாஸ்டன் வட்டாரத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை ஃபிரெடரிக் டூடர் என்ற வணிகர் மரத்தூளில் பொதிந்து 1833 முதலே கல்கத்தாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். சென்னைக்கு வந்த கட்டிகளை வைக்க 1842-இல் கடற்கரையில் எழுப்பிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பின்னாளில் விவேகானந்தர் 1897-இல் அங்கே தங்கினார், இன்று அது விவேகானந்தர் இல்லம். தன் ஏரி நீரைச் சென்னை மக்கள் பருகப்போவதை எண்ணித் தோரோ வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் வால்டன் கரையில் அடுக்கிய பத்தாயிரம் டன் குவியலில் ஒரு பகுதிதான் வெளியே போயிற்று. மிச்சம் வைக்கோலும் பலகையும் மூடிய நிலையிலும் பிறகு திறந்த வெயிலிலுமாகக் கிடந்து, 1848 செப்டம்பரில் முற்றிலும் உருகி ஏரிக்கே திரும்பியது என்று அவரே குறித்துவைத்திருக்கிறார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஏரியின் பனி விலகும் நாளையும் தோரோ எழுதிவைத்தார். 1846-இல் மார்ச் 25, 1847-இல் ஏப்ரல் 8, 1852-இல் ஏப்ரல் 18. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வாளர் ரிச்சர்ட் பிரைமேக் அவருடைய குறிப்புகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, கான்கார்டில் காட்டுப் பூக்கள் முன்னைவிடச் சீக்கிரம் மலர்வதையும் ஏரியின் பனி முன்கூட்டியே விலகுவதையும் காட்டினார். நீச்சல்காரர்களுக்குக் கோடை நீள்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை. நீர் சூடாக இருக்கும் காலம் நீண்டால் பாசிக்கும் அது பருவம்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா கோடையைக் கழிக்க வந்திருந்தார். வயது 76. ஐஸ் ஹவுஸ் வாசலைக் கடந்து அறுபது ஆண்டுகள் அலுவலகம் கோயில் என்று நடந்தவர். ஏரியைக் காட்டிப் பனிக்கட்டி விஷயத்தைச் சொன்னதும் பேச்சு வரவில்லை அவருக்கு. அந்த வாரம் ஆடி அமாவாசை. ஒவ்வோர் ஆண்டும் மெரினாவில் எள்ளும் நீரும் இறைத்துத் தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்பவர். இங்கேயே, இந்தக் கரையிலேயே செய்துவிடட்டுமா என்று கேட்டார். எப்படி மறுப்பது என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. இந்த ஏரிக்கு வெளியேற வழியில்லை அப்பா, விட்டது உள்ளேயே தங்கிவிடும் என்று மட்டும் சொன்னேன். அவர் நீரைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றார். அப்படியானால் இதைக் கிணறு மாதிரி நினைக்க வேண்டும், கிணற்றில் யாராவது எள் இறைப்பார்களா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அமாவாசையன்று கொல்லையில் தாம்பாளம் வைத்துத் தர்ப்பணம் முடித்து, அந்த நீரை மேப்பிள் மரத்தடியில் ஊற்றினார்.

மறுநாள் விடியலில் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வேட்டியை மடித்துக் கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கினார். பாட்டி சட்டத்தை அவர் அதற்கு முன் மீறியதில்லை. கரையோர மணலில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டக் குழி. வயிற்றில் ஆரஞ்சு நிறம் மின்னும் உள்ளங்கை அகல மீன் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பம்ப்கின்சீட் என்று இங்கே பெயர். ஆண் மீன் வாலால் மணலை விசிறிக் குழி பறித்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். நடக்கும்போது இந்தக் குழிகளைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். அப்பாவின் கால் அருகில் இருந்ததால் அது வந்து விரலைக் கொத்தியது. விலகியது, மறுபடி வந்து கொத்தியது. நான் அவரை இரண்டடி பின்னே வரச் சொன்னேன். அவர் மெதுவாக, மணல் கிளம்பாமல், ஒவ்வொரு காலாக எடுத்துப் பின்னால் வைத்தார். மேற்குக் கரையில் ஃபிட்ச்பர்க் ரயில் மரங்களுக்கு நடுவே போயிற்று. கட்டி அறுத்தது எந்தப் பக்கம் என்று கேட்டார். ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் விரிகுடாவைக் காட்டினேன். மீன் தன் குழிக்குத் திரும்பும் வரை அப்பா அசையவில்லை.